வகுப்பறையும் வீட்டு வாசலும்

பிள்ளையைப் பாடசாலை வாயில்வரை கொண்டுவந்து விடுவதற்குச் சட்டம் போதும். அப்பிள்ளை காலையில் உண்டதா, இரவில் உறங்கியதா என்று சட்டம் கேட்பதில்லை. இங்கிலாந்திலே 1880ஆம் ஆண்டில் ஆரம்பக் கல்வி கட்டாயமானபோது, வராத பிள்ளைகளைத் தேடி வரவு உத்தியோகத்தர் வீடு வீடாகச் சென்றார். வழக்குத் தொடுக்க வல்லவர் அவர். அவரிடம் தம் வறுமையை மனந்திறந்து சொல்வார் யார்?

அந்நூற்றாண்டின் இறுதியில், இலண்டனின் செவன் டயல்ஸ் என்னும் ஏழைப் பகுதியிலே, பாடசாலை முகாமையாளருள் ஒருவரான மார்கரெட் ஃபிரேர் அம்மையார் பிள்ளைகளின் இல்லங்களுக்குச் சென்று நிலைமையை அறியலானார். 1906ஆம் ஆண்டின் பாடசாலை உணவுச் சட்டத்தின் பின்னர், இலண்டன் கவுண்டி சபை இம்முறையைத் தழுவிப் பராமரிப்புக் குழுக்களை அமைத்தது. அவற்றில் உழைத்தோர் பெரும்பாலும் வேதனம் பெறாத பெண்மணிகள். ஆசிரியர் பெயரைக் குறித்துக் கொடுப்பார். தொண்டர் சென்று, வேண்டியது உணவா, மருந்தா, சப்பாத்தா என்று கண்டு வருவார். வசதி படைத்தோர் ஏழையின் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்ததில் சிறிது மேட்டிமையும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வேலை நடந்தது.

சிக்கல் முற்றியது இடைநிலைப் பாடசாலையிலேதான். 1944ஆம் ஆண்டுச் சட்டம் இடைநிலைக் கல்வியை எல்லோர்க்கும் இலவசமாக்கிற்று; 1947இல் கட்டாயக் கல்வி 15 வயதுக்கு உயர்ந்தது. ஆரம்பப் பாடசாலையில் ஓராசிரியர் நாள் முழுவதும் பிள்ளையுடன் இருப்பார். முகம் வாடினால் அவருக்குத் தெரியும். இங்கோ கணிதத்துக்கு ஒருவர், சரித்திரத்துக்கு ஒருவர். பிள்ளையை முழுமையாக அறிந்தவர் எவருமிலர். சமூக சேவையாளர் வந்தால் இவருள் யாரிடம் பேசுவது?

சராசரியும் அதற்குக் குறைந்ததுமான திறனுடைய 13 முதல் 16 வயது மாணாக்கரைப் பற்றி ஆராய்ந்த நியூசம் குழு, 1963இல் இதற்கொரு வழி கூறியது. இடர்மிக்க பகுதிகளில், வீடுகளுக்குச் செல்வதையும் மருத்துவ, நலன்புரிச் சேவைகளோடு தொடர்பு கொள்வதையும் தனிப்பொறுப்பாக ஏற்கும் மேலதிக ஆசிரியர்கள் வேண்டும் என்பதே அது. நல்ல யோசனைதான். ஆனால் வீட்டிலே நம்பிக்கையுடன் கூறப்பட்ட இரகசியத்தைப் பாடசாலையில் எவ்வளவு சொல்லலாம்? சேவையாளர் வாய்திறக்கத் தயங்குவார்; ஒன்றும் அறியாமல் இப்பிள்ளையை எவ்வாறு நடத்துவேன் என்பார் ஆசிரியர். இருவர் சொல்வதிலும் நியாயமுண்டு.

1968இல் சீபோம் குழு, பாடசாலைச் சமூக சேவையைப் புதிய சமூக சேவைத் திணைக்களங்களுடன் இணைக்கும்படி விதந்துரைத்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அத்திணைக்களங்களை உருவாக்கிற்று. கல்வி நலன்புரி உத்தியோகத்தரையோ கல்விப் பகுதியிலேயே விட்டுவிட்டது. ஈராண்டுகளில் கட்டாயக் கல்வி 16 வயதுக்கு உயர்ந்தது. பாடசாலையை விட்டு விலகக் காத்திருந்த பிள்ளைகள் மேலும் ஓராண்டு வகுப்பில் அமர்ந்தனர். அவர்களுக்குப் பொறுப்பானவர்களோ இரு வேறு திணைக்களங்களில் இருந்தனர்.