ஏரிமேல் எழுந்த தி.நகர்

எங்கள் ஏனாத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு தி.நகர் என்றால் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, நம் காஞ்சிபுரத்து நல்லி சின்னசாமி செட்டியார் 1928-இல் தொடங்கிய பட்டுக்கடை. மற்றது, தெற்கு போக் சாலையில் சிவாஜியின் ‘அன்னை இல்லம்’. கோடம்பாக்கம் ஸ்டுடியோக்கள் பக்கம் என்பதால் சினிமாக்காரர்கள் பலர் அங்கே குடியேறினார்கள்.

இன்று அது செவாலியே சிவாஜி கணேசன் சாலை. கவிஞர் வாழ்ந்த ஹென்ஸ்மன் சாலை, கண்ணதாசன் சாலை. மனிதர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆனால் 1920-களில் தூர்த்து மனைகளாக்கிய மாம்பலம் ஏரியை யார் நினைக்கிறார்கள்? பெருமழை பெய்தால் தண்ணீர் மட்டும் பழைய இடத்தைத் தேடி வருகிறது.

ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கியவர்கள் நாம். நம் ஊரிலும் மனை விற்பனை மும்முரமாகிவிட்டது. ஏரிகளையாவது விட்டுவைப்போம்.