திருவாரூர் ஆழித்தேர்

திருவாரூர் ஆழித்தேர் என்பது தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் அமைந்துள்ள திருவாரூர் தியாகராஜர் கோயிலின் பெரிய தேர் ஆகும். தமிழ்நாட்டுக் கோயில் தேர்களுள் மிகப் பெரியதாக இது கருதப்படுகின்றது. அலங்கரிக்கப்பட்ட நிலையில் இதன் உயரம் 96 அடி. எடை ஏறத்தாழ 300 டன். பழைய தேரைப் பேணுவதா, அதற்கு மாற்றாகப் புதியது செய்வதா என்னும் கேள்வி இத்தேரின் வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது.

அமைப்பு

தேரின் கீழ்ப்பகுதி சிற்பங்கள் செதுக்கப்பட்ட மர அடுக்குகளால் ஆனது, இது நிலையானது. மேற்பகுதி மூங்கில், தேர்ச்சீலை ஆகியவற்றால் விழாவுக்கு முன் கட்டப்பட்டு, விழா முடிந்ததும் பிரிக்கப்படும். ஆகவே மூப்படைவது கீழ்ப்பகுதியும் அதைத் தாங்கும் அச்சு, சக்கரங்களுமே ஆகும். தேரின் முன்புறம் நான்கு மரக் குதிரைகள் பொருத்தப்படுகின்றன.

வரலாறு

முன்பிருந்த தேர் 1920களில் தீயில் எரிந்து போனது. அதற்கு மாற்றாகச் செய்யப்பட்ட புதிய தேர் 1930 இல் ஓடியது. 1948 க்குப் பின் தடைப்பட்ட தேரோட்டம், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில், 1970 இல் மீண்டும் நடைபெற்றது. பின்னாளில் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தின் உதவியுடன் இரும்பு அச்சுகளும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டன. 2010களின் முற்பாதியில் தேர் பிரித்துச் சீரமைக்கப்பட்டது. 2015 அக்டோபரில் வெள்ளோட்டம் நடைபெற்றது. 2016 இல் தேரோட்டம் மீண்டும் தொடங்கியது.

பேணலும் மாற்றலும்

பழைய தேரைப் பேண வேண்டும் என்பதற்கு முதன்மையான காரணம் அதன் மரச்சிற்பங்கள் ஆகும். சிற்பப் பலகையை மாற்றினால் அதைச் செதுக்கிய தச்சரின் கைவண்ணம் திரும்பக் கிடைக்காது. மாற்ற வேண்டும் என்பதற்கான காரணம் பாதுகாப்பு. வெயில், மழை, கரையான் ஆகியவற்றால் மரம் உள்ளே நலிவடையும்போது வெளித்தோற்றத்தில் அது தெரிவதில்லை. அச்சு முறிந்தால் தேர் சாயும். வடம் பிடிப்போரும் அருகில் நிற்போரும் ஆபத்துக்கு உள்ளாவர்.

ஆழித்தேரில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி பின்பற்றப்பட்டது. எடையைத் தாங்கி உருளும் உறுப்புகள் இரும்பால் மாற்றப்பட்டன. சிற்ப அடுக்குகள் மரத்தாலேயே தொடர்கின்றன. தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரங்களின் அடியில் முட்டுக்கட்டை இடுவது பழைய முறை. உருளும் சக்கரத்தின் அருகிலேயே நின்று செய்யவேண்டிய இடர்மிக்க பணி இது. பிரேக் பொருத்தப்பட்டதால் தேரை நிறுத்த முட்டுக்கட்டையை மட்டுமே நம்பியிருக்கும் நிலை மாறியது.

தஞ்சைப் பெரிய கோயிலில் வேறு வழி மேற்கொள்ளப்பட்டது. அங்கு நெடுங்காலம் தேரோட்டம் நடைபெறாதிருந்ததால், முற்றிலும் புதிய தேர் செய்யப்பட்டு 2015 ஏப்ரலில் ஓடியது.

கேளிக்கைப் பூங்காக்களில் உள்ள பழைய மர ரோலர் கோஸ்டர்களிலும் இதே சிக்கல் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர லூனா பூங்காவில் 1912 இல் திறக்கப்பட்ட மர ரோலர் கோஸ்டரில், வண்டியின் நடுவே நின்று ஒருவர் கையால் பிரேக்கை இயக்குகிறார். இத்தகைய அமைப்புகளில் நலிந்த மரங்கள் சிறிது சிறிதாக மாற்றப்படுவதால் முழு அமைப்பும் நீடிக்கின்றது.

பாதுகாப்பு

தேரைப் புதுப்பிப்பதால் மட்டும் தேரோட்டம் பாதுகாப்பானதாகிவிடாது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் வீதியுலா வந்த தேர், உயரழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். தேரின் உறுதியுடன் வீதியின் அகலம், தரையின் உறுதி, மின்கம்பிகளின் உயரம், மின்தடை ஏற்பாடு ஆகியனவும் ஓட்டத்துக்கு முன் ஆய்வு செய்யப்பட வேண்டியவை ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

தேர்த் திருவிழா
திருவாரூர் தியாகராஜர் கோயில்
தஞ்சைப் பெரிய கோயில்