வழிமாறிய நாயகன்: 'டான் குவிக்ஸாட்' இரண்டாம் பகுதியில் பிறர் புனைந்த தொடர்ச்சியின் தாக்கம்

ஒருவர் படைத்த கதைமாந்தரைப் பிறர் எடுத்தாண்டு கதையைத் தொடர்தல் பழைய வழக்கமாகும். அவ்வாறு எழுந்த நூலொன்று மூல ஆசிரியரின் திட்டத்தையே மாற்றியமைத்தமைக்கு ஸ்பானிய மொழியின் 'டான் குவிக்ஸாட்' சிறந்த சான்றாகும்.

செர்வாண்டிஸ் இதன் முதற்பகுதியை 1605இல் வெளியிட்டார். நாயகன் மீண்டும் புறப்பட்டுச் சராகோசா நகரப் போட்டிகளில் கலந்துகொண்டான் என்னும் குறிப்பு அதன் இறுதியில் உள்ளது. 1614இல் அவெல்லனேடா என்னும் புனைபெயரினர் அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு கதையைத் தொடர்ந்தார். அதில் குவிக்ஸாட் தன் காதல் தலைவி துல்சினியாவைத் துறக்கிறான்; இறுதி இயலில் தொலேதோ நகரப் பித்தர் காப்பகத்தில் அடைக்கப்படுகிறான்.

செர்வாண்டிஸின் இரண்டாம் பகுதி 1615இல் வெளிவந்தது. சராகோசா நோக்கிச் செல்லும் நாயகன், 59ஆம் இயலில் விடுதியொன்றில் அப்போலி நூலைப் பற்றிக் கேள்வியுறுகிறான். துல்சினியாவை மறந்ததாகக் கூறப்பட்டதைச் சினந்து மறுக்கிறான். அந்நூலைப் பொய்ப்பிக்கவே சராகோசாவைத் தவிர்த்துப் பார்சலோனாவுக்குச் செல்கிறான்.

72ஆம் இயலில், அவெல்லனேடா படைத்த அல்வாரோ தார்ஃபே என்னும் பாத்திரத்தையே செர்வாண்டிஸ் தம் கதைக்குள் கொணர்கிறார். தன்முன் நிற்பவன் அந்நூலில் வரும் குவிக்ஸாட் அல்லன் என அவன் ஊர்த்தலைவர் முன் உறுதியளிக்கிறான். நாயகன் இறந்து அடக்கம் செய்யப்படுவது, இனி எவரும் அவனைப் பற்றிப் புதுக்கதை புனையாதிருத்தற்பொருட்டு என்பதை முன்னுரை உணர்த்துகிறது.

தொடர்ச்சி மூலத்துக்குக் கடன்படுவது வெளிப்படை. மூலமும் தொடர்ச்சிக்குக் கடன்படுதல் கூடும் என்பது இதனால் பெறப்படுகிறது. செர்வாண்டிஸ் வெறுத்து ஒதுக்கிய நூலே அவருடைய நாயகனின் வழியைத் திருப்பியது எனலாம்.