கழற்றி வைத்த வெப்பநிறுத்தி

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் கியூ.ஆர். முறை வந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்நாட்களில் நண்பர் ஒருவர், தமது பழைய ஜப்பானியக் காரின் வெப்பமானி முள் எவ்வளவு தூரம் ஓடினாலும் அடியை விட்டு எழுவதில்லை என்று பெருமையோடு சொன்னார். முன்பொரு முறை கார் கொதித்து நின்றபோது கராஜில் தேமோஸ்ரற்றைக் கழற்றிவிட்டார்களாம். 'அன்று தொடக்கம் எஞ்சின் நல்ல குளிர்மை' என்றார். அதே மூச்சில், 20 லீற்றரும் வாரம் முடியுமுன்னரே தீர்ந்துவிடுகிறது என்று குறைப்பட்டார். முன்னதே பின்னதற்குக் காரணமாயிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய காரொன்றில் சில ஆண்டுகள் திரிந்திராவிட்டால் எனக்கும் தோன்றியிராது. அந்தக் கதைக்கு வருமுன் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நமது பாடநூல்கள் அதனை வெப்பநிறுத்தி என்கின்றன. எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் நீர் செல்லும் வழியில் இருக்கும், உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு வாயில் அது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூடியிருக்கும். நீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவாகச் சூடேறும். ஏறத்தாழ 80 முதல் 90 பாகை செல்சியஸை எட்டியதும் திறந்து நீரை ரேடியேற்றருக்கு அனுப்பும். அதன்பின் சிறிது திறந்தும் சிறிது மூடியும் அந்த வெப்பநிலையைக் காத்து நிற்கும்.

வெப்பத்தைத் தானே உணர்ந்து இயங்கும் கருவி என்ற எண்ணம் மோட்டார் வாகனத்தைவிட மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒல்லாந்தரான கோர்னேலிஸ் ட்ரெபெல், முட்டை பொரிக்கவைக்கும் அடுப்பொன்றுக்கு மதுசாரமும் பாதரசமும் கொண்டு அத்தகைய கருவியைச் செய்தார். 'தேமோஸ்ரற்' என்ற பெயரைத் தந்தவர் ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் அன்ட்ரூ யூர். 1830இல் ஈருலோகப் பட்டையால் இயங்கும் கருவிக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

மோட்டார் உலகம் இதனை உடனே தழுவிக்கொள்ளவில்லை. ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியான ஃபோர்ட் 'மொடல் ரி' காரில் தேமோஸ்ரற் இல்லை. முதல் சில ஆயிரம் கார்களை விட்டால், நீரைத் தள்ளும் பம்பும் இல்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியே அங்கு வேலை செய்தது. நம் நாட்டு வீதிகளில் பின்னாளில் நிறைந்திருந்த மொறிஸ் மைனரும் 1948இல் முதன்முதலில் வெளிவந்தபோது அப்படித்தான் இருந்தது. மறுபுறம், அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் 1914இலேயே தனது எட்டுச் சிலிண்டர் காரில் தேமோஸ்ரற்றைப் பொருத்தியது.

தொடக்ககாலத் தேமோஸ்ரற்றுகள் பெரும்பாலும் துருத்தி வகையின. மெல்லிய உலோகத் துருத்திக்குள் எளிதில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும்; சூடேறினால் துருத்தி நீண்டு வாயிலைத் திறக்கும். அத்தகைய துருத்தியை உருவாக்கியவர் அமெரிக்காவின் நொக்ஸ்வில் நகர வானிலை அலுவலகத்தில் பணியாற்றிய வெஸ்ரன் ஃபுல்ரன். ஆனால் ரேடியேற்றரை அழுத்தத்தோடு மூடும் வழக்கம் பரவியபோது துருத்தி தடுமாறியது. நீரின் அழுத்தம் அதனை வெளியிலிருந்து நெருக்கியதால், உரிய வெப்பநிலையில் திறக்கமாட்டேன் என்றது. 1934இல் சேர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டறிந்த மெழுகுக் குப்பி இதற்குத் தீர்வாயிற்று. மெழுகு உருகும்போது விரியும். விரியும் மெழுகை அழுத்தம் எளிதில் அசைக்காது. இன்றைய கார்களிலும் அந்த மெழுகுதான் இருக்கிறது.

எஞ்சினைச் சூடாக வைத்திருக்க ஏன் இத்தனை பாடு? பெற்றோல் எரியுமுன் ஆவியாக வேண்டும். குளிர்ந்த சுவரில் படும் ஆவி மீண்டும் துளியாகிவிடும். அந்தக் குறையை ஈடுசெய்யக் கூடுதலாக ஊட்ட வேண்டும். குளிர்ந்த ஒயில் தடித்து எஞ்சினின் உழைப்பைத் தின்னும். எரிபொருளின் சக்தியில் எப்படியும் மூன்றிலொரு பங்களவே உழைப்பாக மாறுகிறது. எஞ்சியது புகையோடும் நீரோடும் போய்விடுகிறது. நீரோடு போகும் பங்கைத் தேவையின்றிப் பெருக்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பதற்கு ஒப்பானது. இன்னொன்றும் உண்டு. சிலிண்டர் தேய்வதற்கு உராய்வே முழுக் காரணம் என்று நம்பியிருந்த காலத்தில், 1930களில் பிரித்தானிய மோட்டார் பொறியியலாளர்கள் நடத்திய ஆய்வுகள் குளிர்ந்த சுவரில் படியும் அமிலம் கலந்த ஈரத்தைச் சுட்டிக்காட்டின. குளிராக ஓடும் எஞ்சின் விரைவில் தேயும்.

ஆயினும் வெப்ப நாடுகளில், 'இது பனி பெய்யும் நாட்டுக்குச் செய்தது, எங்களுக்கு எதற்கு' என்று அதைக் கழற்றி எறிவது வழக்கமாகிவிட்டது. எஞ்சின் கேட்பது 85 பாகை. வெளியே 32 பாகை என்றாலும் 10 பாகை என்றாலும் அதற்குக் குளிர்தான். சில எஞ்சின்களில் தேமோஸ்ரற் திறக்கும்போதே நீரின் குறுக்குவழியையும் அடைக்கும். அங்கே அதைக் கழற்றினால் நீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பும். மலையேற்றத்தில் கார் முன்னிலும் மோசமாகக் கொதிக்கும். நண்பரின் காரைப் போன்ற கணினி வண்டிகளில், எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று எண்ணிக் கணினி பெற்றோலை அள்ளி ஊட்டும். நண்பர் புதிய தேமோஸ்ரற் பூட்டினார். முள் நடுக்கோட்டுக்கு வந்ததைக் கண்டு முதல் இரண்டு நாட்கள் பயந்துபோயிருந்தார்.

இனி யாழ்ப்பாணம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரத்து நின்றது. 1950களின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. அவற்றின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் தாழ்வாக இருந்ததால் அது முடிந்தது. சூப்பிப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் செய்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

செய்தி சேகரிக்க நான் அடிக்கடி வாடகைக்கு அமர்த்திய ஒஸ்ரின் ஏ40 ஒன்று இருந்தது. காலையில் வெண்புகை கக்கும். மழை நாளில் நடுவழியில் நிற்கும். ஆனால் ஒயில் மட்டும் குறைவதேயில்லை, கூடுகிறது என்று உரிமையாளர் மகிழ்ந்திருந்தார். ஒருநாள் கராஜில், முன்னர் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் உழவு இயந்திரங்களில் வேலை செய்த முதியவர் ஒருவர், ஒயில் பார்க்கும் கம்பியை முகர்ந்து பார்த்தார்.

"இது ஒயில் இல்லைத் தம்பி, பாதி மண்ணெண்ணெய். தேமோஸ்ரற்றை ஆர் கழட்டினது?"

"வாங்கேக்கையே இல்லை அண்ணை."

"அடுப்பு ஏறினாத்தானே எண்ணெய் எரியும்? ஏறாட்டி வழிஞ்சு கீழை போகும். இன்னும் ரெண்டு மாசத்தாலை பெயாரிங் போயிடும்."

பெற்றோலைவிட மண்ணெண்ணெய் ஆவியாக அதிக வெப்பம் வேண்டும். பெற்றோலில் ஓடிய காலத்தில் சிறு நட்டமாக இருந்த குறை, மண்ணெண்ணெயில் எஞ்சினையே அழிக்கும் குறையாகியிருந்தது. அவர் ஒயிலை மாற்றி, ரேடியேற்றருக்கு முன்னால் ஒரு காட்போட் மட்டையைச் செருகிவிட்டார். ஆனால் மட்டைக்கு அறிவில்லை. நண்பகல் வெயிலில் இறங்கி எடுக்க வேண்டும், மாலையில் மறுபடி செருக வேண்டும். சில வாரங்களின் பின் கைவிடப்பட்ட காரொன்றிலிருந்து துருத்தித் தேமோஸ்ரற் ஒன்று கிடைத்தது. விறகடுப்பில் பானையில் நீரைச் சூடாக்கி, நூலில் கட்டி இறக்கினார். நீர் கொதிக்கச் சற்று முன்னர் வாயில் மெல்லத் திறந்தது. நாங்கள் மூவரும் குனிந்து நின்று அதைப் பார்த்தோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறிய அந்த நெடுநிரையில் அந்த ஏ40உம் இருந்தது. உரிமையாளரின் குடும்பத்தோடு நானும் இரு முதியவர்களும் ஏறியிருந்தோம். மழை. கார் நடைவேகத்தில் மணிக்கணக்காக ஊர்ந்தது. அந்தச் சனநெரிசலில் இறங்கி மட்டையைச் செருகவும் எடுக்கவும் முடிந்திராது. எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்ராட் செய்யச் சூப்பிப் போத்தலில் இரண்டு தடவைக்கே பெற்றோல் இருந்தது. நாவற்குழியைத் தாண்டியபோது நள்ளிரவு எப்போதோ கடந்திருந்தது. விடியும் வேளையில் சாவகச்சேரியில் காரை நிறுத்திவிட்டு, உரிமையாளர் போத்தலை எடுத்து உயர்த்திப் பார்த்தார். பெற்றோல் அப்படியே இருந்தது.