ரெண்டு இஞ்ச் தண்ணியோட சரித்திரம்

வாஷ்பேசினுக்குக் கீழே எப்பவாவது குனிஞ்சு பாத்திருக்கீங்களா மக்களே? குழாய் நேரா சாக்கடைக்குப் போகாம நடுவுல ஒரு வளைவு போட்டிருக்கும். சில வீட்டுல வளைவுக்குப் பதிலா பாட்டில் மாதிரி ஒரு குப்பி. ரெண்டிலுமே கொஞ்சம் தண்ணி எப்பவும் தேங்கி நிக்கும். இதுக்குப் பேர்தான் ட்ராப். சாக்கடைக் காத்துக்கும் நம்ம மூக்குக்கும் நடுவுல இருக்கிற ஒரே கதவு, அந்த ரெண்டு இஞ்ச் தண்ணி. பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, வீட்டோட ஃபயர்வால்.

இதை முதல்ல காகிதத்துல பதிஞ்சவர் ஒரு கடிகாரக்காரர். ஸ்காட்லாந்துல பிறந்து லண்டன்ல தொழில் செஞ்ச அலெக்சாண்டர் கம்மிங். 1775ல் தண்ணி ஊத்திக் கழுவுற கக்கூஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்குக் கீழே 'எஸ்' எழுத்து மாதிரி வளைஞ்ச குழாய். ஐடியா அவ்ளோதான். ஆனா அதை உருப்படியா செய்யறதுக்கு இன்னும் நூறு வருஷம் ஆச்சு.

நடுவுல வந்த பெரிய சொதப்பல், டி-ட்ராப். ஈயத் தகட்டுல செஞ்ச பெட்டி, டி எழுத்தைப் படுக்க வெச்ச உருவம். தண்ணி நல்லாத்தான் நின்னுது. கூடவே மூலை முடுக்கெல்லாம் அழுக்கும் நின்னுது! நாத்தத்தைத் தடுக்க வெச்ச பெட்டியே நாத்தம் பிடிச்ச தொட்டி ஆயிடுச்சு. ஸ்டீவன்ஸ் ஹெல்யர்னு ஒரு ஆங்கிலேய ப்ளம்பர் 1877ல் வெளியிட்ட புத்தகத்துல இதைப் போட்டுத் தாக்கியிருக்கார்.

ஒரு ஈயப் பெட்டிக்கு ஏன் இவ்ளோ கோபம்? காரணம் பயம். 1871ல் விக்டோரியா ராணியோட மூத்த பையன் (பின்னாடி ஏழாம் எட்வர்ட் ராஜா ஆனவர்) ஸ்கார்பரோவுல ஒரு மாளிகையில விருந்தாளியாத் தங்கினார். திரும்பி வந்ததும் டைஃபாய்டு. இளவரசர் பொழைச்சுட்டார். ஆனா அதே வீட்டுல தங்கின செஸ்டர்ஃபீல்டு பிரபுவும், இளவரசரோட குதிரைக்காரரும் செத்துப் போயிட்டாங்க. பழி விழுந்தது அந்த வீட்டுச் சாக்கடை வாயு மேல. ராஜா வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதின்னா நம்ம கதி என்னன்னு வசதியானவங்க எல்லாம் குழாயைத் தோண்ட ஆரம்பிச்சாங்க.

வேடிக்கை என்னன்னா, டைஃபாய்டு நாத்தத்தால வர்றதில்லை. 1880ல் எபெர்த் அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார். அழுக்குத் தண்ணி, அழுக்குச் சாப்பாடு வழியாத்தான் அது பரவுதுன்னு தெளிவாச்சு. அதாவது, தப்பான காரணத்துக்காகப் போட்ட ஒரு 'பேட்ச்', சரியா வேலை செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நம்ம தொழில்ல இது ரொம்ப சகஜம் :-)

சரி, பழைய வீட்டுல காலாவதியான ட்ராப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எஸ்-ட்ராப்: வளைவைத் தாண்டி குழாய் சுவருக்குள்ள போகாம தரைக்குள்ள இறங்கும். பேசின் நிறையத் தண்ணி ஒரேயடியா இறங்கும்போது, வளைவுல நிக்க வேண்டிய தண்ணியையும் சேத்து உறிஞ்சிட்டுப் போயிடும். டேங்க்ல ஓஸ் போட்டு உறிஞ்சித் தண்ணி எடுப்போமே, அதே விளையாட்டுதான். கடைசியில 'களக்'னு ஒரு சத்தம் வந்தா சந்தேகப்படுங்க. கமோட்ல இருக்கிற எஸ் வேற விஷயம், கடைசியா வர்ற ஃப்ளஷ் தண்ணி அதைத் திரும்ப நிரப்பிடும்.

டிரம் ட்ராப்: பழைய அமெரிக்க வீடுகள்ல குளியல் தொட்டி பக்கத்துல, தரையில வட்டமா ஒரு பித்தளை மூடி தெரியும். அடியில ஒரு டப்பா. தண்ணி நிறையப் பிடிக்கும், சுலபத்துல உறிஞ்சாது. ஆனா முடியும் சோப்பும் அதுக்குள்ளேயே குடித்தனம் பண்ணும். டி-ட்ராப்போட தம்பி.

மணி ட்ராப்: ஜாலியைத் தூக்கினா அடியில கவிழ்த்த கிண்ணம். தண்ணி ஆழம் ரொம்பக் கம்மி. கிண்ணத்தைக் கழட்டிட்டா ட்ராப்பே இல்லை. நம்மூர் பாத்ரூம் தரையில கரப்பான் வராம இருக்கப் போடுற கிண்ண ஜாலியும் இதே வம்சம்தான்.

அமெரிக்காவுல பல மாநிலங்கள் பின்பற்றுற ப்ளம்பிங் விதிகள், வீடுகள்ல புதுசா இந்த மூணையும் வைக்கக் கூடாதுங்குது. வளைவைத் தாண்டிச் சுவருக்குள்ள போற பி-ட்ராப்பும், அதுக்குக் காத்து விடுற வென்ட் குழாயும்தான் இப்போ சிபாரிசு.

ஆனா எந்த ட்ராப்பா இருந்தாலும் தண்ணி வத்திட்டா அது வெறும் குழாய்தான். 2003 மார்ச்சுல ஹாங்காங்கோட அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில 300 பேருக்கு மேல சார்ஸ் வந்துச்சு. 42 பேர் செத்தாங்க. சுகாதாரத் துறை தேடிப் பாத்து சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, பாத்ரூம் தரையில காஞ்சு போன யு-ட்ராப். தரையைத் தண்ணி ஊத்திக் கழுவாம துடைச்சே பழகிட்டாங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினப்போ, சாக்கடைக் குழாய்ல இருந்த கிருமித் துளிகளை அது வீட்டுக்குள்ள இழுத்துடுச்சு. டைஃபாய்டு விஷயத்துல தப்பா இருந்த விக்டோரியா காலத்துப் பயம், 130 வருஷம் கழிச்சு இன்னொரு நோய் விஷயத்துல நிஜமாயிடுச்சு.

அதனால, பூட்டிக் கிடக்கிற பாத்ரூம் உங்க வீட்டுல இருந்தா வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மக் தண்ணி ஊத்திடுங்க. கம்மிங் அண்ணாச்சிக்கு நாம செய்யக்கூடிய மரியாதை அதுதான்.