தட்டச்சுச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளை

1960களின் இங்கிலாந்து. ஒரு வீட்டில் ரெலிபோன் அடிக்கிறது. அதை எடுக்கிற பெண் கையோடு ஒலிப்பதிவு நாடாவையும் ஓடவிடுகிறார். அதிலிருந்து தட்டச்சு இயந்திரங்களின் 'டக் டக்' சத்தம் வருகிறது. மறுமுனையில் இருக்கிறவருக்கு அது நாலு பேர் மும்முரமாக வேலை செய்கிற ஒரு கந்தோர். உண்மையில் அந்தச் சத்தம் மறைத்தது வீட்டில் இருந்த பிள்ளையின் குரலை.

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்டெபனி ஷேர்லி. வீட்டிலிருந்து வேலை என்றதும் எங்களுக்கு 2020 ஊரடங்கும் சூம் கூட்டங்களும்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தக் கதை அதுக்கு அறுபது வருசம் முந்தினது.

1933 இல் ஜேர்மனியில் ஒரு யூதத் தந்தைக்குப் பிறந்தவர் அவர். 1939 இல், ஐந்து வயதில், நாஸிகளிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற ஓடிய ரயில்களில் ஒன்றில் அக்காவோடு ஏற்றிவிடப்பட்டு, அகதியாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். 18 வயதில் லண்டன் தபால் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, இரவு வகுப்புக்குப் போய்க் கணிதத்தில் பட்டம் எடுத்தார். கணினித் துறை அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் பெண் என்றால் ஓரளவுக்கு மேல் உயர விடமாட்டார்கள். கலியாணம் கட்டினால், பிள்ளை பிறந்தால், வேலையை விட்டிட்டு வீட்டில இருக்கவேணும் என்பது அங்கேயும் எழுதாத சட்டம்தான்.

1962 இல், கையில் இருந்த 6 பவுணை வைத்து, சாப்பாட்டு மேசையில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளைகளுக்காக வேலையை விட்ட, நிரல் எழுதத் தெரிந்த பெண்களைத் தேடிப் பிடித்து, அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்ய வைப்பதுதான் திட்டம்.

இணையம் இல்லை, வீட்டில் கணினியும் இல்லை. பிறகு எப்படி? அந்தக் காலத்தில் நிரலைத் தாளில் பென்சிலால்தான் எழுதினார்கள். எழுதியது தபாலில் போகும். அதைப் பார்த்து வேறொரு இடத்தில் அட்டையில் துளையிட்டு, பிறகு கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதனால் பிள்ளை நித்திரையான பிறகு குசினி மேசையிலும் எழுதலாம். வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் அவர் கேட்ட முக்கியமான கேள்வி, ரெலிபோன் வசதி இருக்கா என்பதுதான். அப்போது எல்லா வீட்டிலும் ரெலிபோன் இருக்கவில்லை.

இப்படி வீட்டு மேசைகளில் எழுதப்பட்டவற்றில் சரக்கு ரயில்களின் நேர அட்டவணையும் உண்டு, கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் உண்டு.

ஆனாலும் வேலை கேட்டு 'ஸ்டெபனி' என்று கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். பதில்கள் வரத் தொடங்கின. நேரில் போய்க் கைகுலுக்கிற போதுதான் வந்திருப்பது பெண் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். 1975 இல் பால்நிலைப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தபோது, பெண்களுக்கே முன்னுரிமை கொடுத்த இந்த நிறுவனமும் ஆண்களுக்குக் கதவைத் திறக்கவேண்டி வந்தது! பிற்காலத்தில் ஷேர்லி தன் பங்குகளில் ஒரு பகுதியை வேலை செய்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்தார். 1996 இல் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. அவர்களில் சுமார் 70 பேர் கோடீஸ்வரர் ஆனார்கள்.

இதை இத்தோடு முடித்தால் நல்ல வெற்றிக்கதை. ஆனால் நாங்கள் கவனிக்கவேண்டியது இன்னொரு பக்கத்தையும்.

1963 இல் பிறந்த அவருடைய மகன் ஜைல்ஸ், கதைக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பேச்சை இழந்தான். கடுமையான ஓட்டிசம். நிறுவனம் வளர வளர மகனின் பராமரிப்பும் கடினமானது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் ஷேர்லியே உடைந்துபோனார். இதை அவர் மறைக்கவில்லை, பிறகு வெளிப்படையாகவே பேசினார். வீட்டிலிருந்து வேலை செய்தது அவருக்கு நேரத்தைத் தன் விருப்பப்படி அடுக்குகிற சுதந்திரத்தைக் கொடுத்தது. ஒரு நாளின் மணித்தியாலங்களை அது கூட்டிக் கொடுக்கவில்லை. ஜைல்ஸ் 1998 இல், 35 வயதில் இறந்துபோனார். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் ஷேர்லி தன் சொத்தில் பெரும் பங்கைக் கொடுத்தார்.

வேலையைத் தாய்மாருக்கு ஏற்றமாதிரி மாற்றலாம் என்று இந்தப் பெண்கள் அப்பவே செய்து காட்டிவிட்டார்கள். மாறாதது, வேலை தருகிறவர்களின் மனம். அவர்களை நம்பவைக்க ஒரு ஆம்பிளைப் பெயரும் பொய்ச் சத்தமும் தேவைப்பட்டது. தாய் என்று தெரிந்தால் வேலை கிடைக்காது என்ற பயம்தான் அந்த நாடாவை ஓடவிட்டது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, 2019 இல் உலகம் முழுக்க 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து உழைத்தார்கள். அதில் 14 கோடி 70 இலட்சம் பேர் பெண்கள். எங்கட ஊரில் சட்டை தைக்கிற, கேக் அடிக்கிற, ஒன்லைனில் கணக்குப் பார்க்கிற அம்மாமாரும் இந்தக் கூட்டம்தான். ஆனாலும் ஆரும் கேட்டால், "அவ வீட்டில சும்மாதான் இருக்கிறா" என்றுதானே நாங்கள் சொல்கிறோம்?

வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அம்மாமாரிடம் கேட்கிறதை நாங்கள் கொஞ்சம் நிறுத்தலாம். அவ கூட்டத்தில் கதைக்கிற அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளையை ஆர் பார்க்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது அப்பாமாரும் வேலை கொடுக்கிறவர்களும், வீட்டில் இருக்கிற நாங்களும்தான்.