கணினி கண்விழிக்கும் வரலாறு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர்க்குப் ‘பெரட்டு’ என்னும் சொல்லை விளக்கவேண்டிய தேவையில்லை. மலாக்கா மாநிலத்தில் ரப்பர் வணிகப் பயிராக வேரூன்றியது 1896-ஆம் ஆண்டில், டான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் அதனை நட்டபோது. பின்னர் எழுந்த தோட்டங்கள்தோறும் பொழுது புலருமுன் ஆட்கள் களத்தில் கூடுவர், பெயர்கள் அழைக்கப்படும், வந்தோர் யார், வராதோர் யார் எனக் கணக்கெடுக்கப்படும், இன்னார்க்கு இன்ன நிரை என வகுக்கப்படும். அதன் பின்னரே மரத்தில் கத்தி படும். பெரட்டு குழம்பிப் போனால், மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, ஆட்களும் நலமாயிருக்க, அன்றைய வேலை மட்டும் நடவாது.

கணினிக்கும் இத்தகைய பெரட்டு ஒன்று உண்டு. மின்விசையைத் தட்டிய கணத்திற்கும் திரையில் நாம் வேலை தொடங்கும் கணத்திற்கும் இடையிலுள்ள சில நொடிகளில் அது நிகழ்ந்து முடிகிறது. அந்தச் சில நொடிகளின் வரலாற்றை ஆசிரியப் பெருமக்கள் ஏன் அறிய வேண்டும் என்ற வினா எழக்கூடும். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது நம் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் வந்தன. 2013 முதல் குரோம்புக் கணினிகள் வந்தன. தோட்டப் பள்ளி ஒன்றின் பொருளறையில், ‘பழுது’ என்று தாளில் எழுதி ஒட்டப்பட்ட கணினிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருக்கக் கண்டேன். அவற்றுட் சிலவற்றின் வன்தட்டு முற்றும் நலமாயிருந்தது. தொடக்கம் மட்டுமே தடைப்பட்டிருந்தது. தோட்டம் கைமாறி, குடும்பங்கள் திசைக்கொன்றாய்ப் பெயர்ந்த பின்னர், அப்பள்ளியில் பயின்றோரின் பெயர்ப்பட்டியலும் விழாப் படங்களும் வேறெங்கும் இல்லாமல் அத்தட்டுகளில்தான் இருந்தன.

தொடக்க காலக் கணினிக்கு ‘விழித்தெழுதல்’ என்பதே இல்லை. 1946-இல் அமெரிக்காவில் உலகிற்கு அறிமுகமான எனியாக் என்னும் பொறியில், ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு மாற வேண்டுமாயின் கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருகுவர். கட்டளைகளை நினைவகத்திலேயே சேமிக்கும் முறை வந்தபோதுதான் புதிர் பிறந்தது. நினைவகத்தில் கட்டளையை ஏற்றுவதற்கு ஒரு கட்டளை வேண்டும். அதனை யார் ஏற்றுவது? தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்வது போன்ற வேலை என ஆங்கிலத்தில் ஒரு வழக்குண்டு. சப்பாத்து வாரைக் குறிக்கும் ‘பூட்ஸ்ட்ராப்’ என்னும் அச்சொல்லே குறுகி, இன்று நாம் கூறும் ‘பூட்’ ஆயிற்று. 1950-களின் முற்பகுதியில் ஐ.பி.எம். 701 கணினியில் ஒரு பொத்தான் வைக்கப்பட்டது. அதனை அழுத்தியதும் அட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ முதல் கட்டளை உள்ளே வரும். அது அடுத்ததை அழைக்கும். அது மற்றதை அழைக்கும்.

எனினும் சிறு கணினிகளில் இவ்வேலை நெடுநாள் மனிதர் விரலிலேயே இருந்தது. 1975-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஆல்டேர் 8800-க்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சிறு சுவிட்சுகள் மட்டுமே இருந்தன. அதற்குப் பில் கேட்சும் பால் ஆலனும் பேசிக் மொழியை உருவாக்கினர். அதனைச் செய்துகாட்ட ஆல்பகர்க்கி நகருக்கு வானூர்தியில் சென்றுகொண்டிருந்த ஆலனுக்கு, நாடாவிலிருந்து அதனை ஏற்றும் சிறு நிரலை எழுதவேயில்லை என்பது இறங்கும் வேளையில் நினைவிற்கு வந்தது. அங்கேயே தாளில் எழுதினார், மறுநாள் சுவிட்சுகளை ஒவ்வொன்றாய்த் தட்டி ஏற்றினார், பொறி விடையிறுத்தது. பின்னாளில் உலகப் பெருநிறுவனமான ஒன்றின் தொடக்கம், ஒரு சிறு நிரலைப் பிழையின்றித் தட்டியதில் அடங்கியிருந்தது.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-இல் வெளியான ஐ.பி.எம். தனிக்கணினி அந்தச் சுவிட்சுகளை நீக்கிற்று. தொடக்க நிரல் அழியா நினைவகச் சில்லு ஒன்றில் பொறிக்கப்பட்டது. ‘பயோஸ்’ என்னும் அதன் பெயரை முன்னரே வழங்கியவர் கேரி கில்டால். பெரட்டு என நான் கூறியது இதனையே. பயோஸ் முதலில் நினைவகத்தையும் விசைப்பலகையையும் தட்டுகளையும் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும். (விசைப்பலகை வராதிருந்தால் ‘விசைப்பலகை இல்லை, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்துக’ என்று சில கணினிகள் கேட்டது மாணவர்க்கு என்றும் நகைப்பூட்டும் செய்தி.) பின்னர் நெகிழ்தட்டில் தேடும், 1983 முதல் வன்தட்டும் வந்தபின், நெகிழ்தட்டில் இல்லையேல் வன்தட்டில் தேடும். தட்டின் முதற்பகுதியாகிய 512 பைட்டுகளைப் படித்து, ஈற்றில் உரிய அடையாளம் இருந்தால், பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். இன்றைய யூனிக்கோடு முறையில் 512 பைட்டுகளில் தமிழ்க் குறியீடுகள் 170 மட்டுமே அடங்கும். அத்துணைச் சிறிய இடத்தில்தான் அக்காலக் கணினியின் விடியல் முழுதும் இருந்தது.

அந்த இடத்தின் அருமையை முதலில் உணர்ந்தவர்களுள் கள்வரும் இருந்தனர். 1986-இல் லாகூரில் எழுந்த ‘பிரெயின்’ என்னும் நச்சுநிரல் நெகிழ்தட்டின் அம்முதற்பகுதியிற்றான் குடிபுகுந்தது. நச்சுப்பட்ட கணினியை அதன் தட்டிலிருந்தே தொடங்கித் தூய்மை செய்ய முனைவது வீண். கணினி விழிக்கும்போதே நச்சும் விழித்துவிடும். எழுத்துத்தடை செய்த வேறொரு தூய நெகிழ்தட்டிலிருந்து தொடங்குவதே அன்றைய மருத்துவம். எத்தட்டிலிருந்து விழிப்பது என்று தெரிவு செய்யும் உரிமையே பழுது நீக்குவோன் கையிலிருந்த முதற்கருவி என்பதை ஈண்டு நினைவிற்கொள்ளல் தகும். 1999 ஏப்ரல் 26-இல் சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் பயோஸ் சில்லையே அழித்தபோது, பல கணினிகளில் அவ்வுரிமையும் பறிபோயிற்று. சில்லை மாற்றினாலன்றி அவை எழவில்லை.

இத்தெரிவு எளிய பட்டியலாகத் திரைக்கு வந்தது 1990-களின் நடுவில். குறுந்தட்டிலிருந்து கணினியைத் தொடங்கும் நெறி 1995-இல் வகுக்கப்பட்டது. அதனை வகுத்த பொறியாளர்கள் உணவருந்திய உணவகத்தின் பெயரான ‘எல் டொரிட்டோ’ என்பதே அந்நெறிக்கும் பெயராய் நிலைத்தது. மறு ஆண்டில் பயோஸ் தொடக்க நெறிமுறையும் வெளியாயிற்று. ஆயினும் எந்த விசையை அழுத்துவது என்பதில் உற்பத்தியாளரிடையே ஒற்றுமை பிறக்கவேயில்லை. டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்.பி. கணினிகளில் எஃப்9, ஆசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப், ஏசரில் எஃப்12 எனினும், பலவற்றில் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று முன்கூட்டியே அதற்கு இசைவு தரல் வேண்டும். ஒரு பள்ளியில் மூன்று வகைக் கணினிகள் இருப்பின் மூன்று விசைகளைத் தாளில் எழுதி ஒட்டிவைப்பதே வழி.

இங்கே நம் மொழி பற்றி ஒன்று கூறியாக வேண்டும். 1980-களின் நடுவில் நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் இயங்குதளமே தமிழ் எழுத்தை ஏற்றது. ஆனால் தமிழ் திரையில் தோன்றுவது இயங்குதளமும் எழுத்துருவும் ஏறிய பின்னரே. பெரட்டு நடக்கும் வேளையில் கணினிக்குத் தமிழ் தெரியாது. பழைய பயோஸ் திரை அறிந்த எழுத்துவடிவங்கள் 256 மட்டுமே. அவற்றில் நமக்கு இடமில்லை. ஆகவே இடுக்கண் நேரும்போது கணினி கூறும் சொற்கள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ‘இயங்குதளம் காணப்படவில்லை’ என்னும் பொருள்பட ஒரு வரி தோன்றியதும் எல்லாம் அழிந்ததென அஞ்சுவோர் பலர். அவ்வரி கூறுவது, ‘நான் தேடிய இடத்தில் இல்லை’ என்பது மட்டுமே. வெற்றுப் பென்டிரைவ் செருகியபடி இருந்திருக்கலாம். பழைய கணினியாயின், நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்து, தேடும் வரிசையையும் நாளையும் அது மறந்திருக்கலாம். ஆண்டிறுதி விடுமுறைக்குப் பின் இது மிகுதி. சில ரிங்கிட்டில் தீரும் குறை அது.

மீட்பு வழிகளும் படிப்படியாகவே வளர்ந்தன. விண்டோஸ் 95 தொடங்கும் வேளையில் எஃப்8 விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதிலுள்ள ‘பாதுகாப்பு முறை’ இன்றியமையாத சில நிரல்களை மட்டும் கொண்டு கணினியை எழுப்பும். மண்டோரும் நாலைந்து ஆட்களும் மட்டும் வந்து களத்தைத் திறப்பது போல. 2007-இல் விஸ்டாவுடன் ‘தொடக்கச் சீரமைப்பு’ தட்டில் வந்தது. 2009-இல் விண்டோஸ் 7 அதனை வன்தட்டிலேயே ஒதுக்கிவைத்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது எஃப்8 வழி அடைபட்டது. கணினி அத்துணை விரைவாக விழித்ததால், விசையழுத்தத்தை நோக்கக் கிடைத்த நேரம் ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கிற்கும் குறைவு. அதற்கு மாற்றாக, ஷிப்ட் விசையை அழுத்தியபடி ‘மறுதொடக்கம்’ என்பதைச் சொடுக்கும் முறை வந்தது; தொடக்கம் அடுத்தடுத்து முறிந்தால் மீட்புத் திரை தானே எழும். அத்திரையில் தொடக்கச் சீரமைப்பு நம் கோப்புகளைத் தொடுவதில்லை. ‘மீளமைத்தல்’ அவ்வாறன்று, கோப்புகளை வைப்பதா நீக்குவதா எனக் கேட்கும். அவ்விடத்தில் அவசரம் ஆகாது. குரோம்புக்கில் எஸ்கேப், புதுப்பித்தல், மின்விசை ஆகிய மூன்றையும் சேர்த்தழுத்தினால் மீட்புத் திரை வரும். அவ்வழியே புதிதாக நிறுவினால் கணினிக்குள் வைத்தவை அழியும்.

இம்மீட்புத் திரையை உலகமே ஒருநாள் தேடிற்று. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் வீழ்ந்தன. கோலாலம்பூர் வானூர்தி நிலையத்தில் ஏர் ஏசியாவின் பயணப் பதிவு தடைப்பட்டுக் கைவேலையாயிற்று. பிழைக்கோப்பு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் வீழ்ந்த கணினி, திருத்தத்தைப் பெறும் அளவுக்கு விழித்திருக்கவில்லையே! ஆகையால் எண்ணற்ற கணினிகளின் முன் ஆள் சென்று அமர்ந்து, பாதுகாப்பு முறையிலோ மீட்புத் திரையிலோ நுழைந்து, அந்த ஒரு கோப்பைக் கையால் நீக்க நேர்ந்தது. ஆல்டேரின் சுவிட்சுகளைத் தட்டிய விரல், அரை நூற்றாண்டிற்குப் பின்னும் தேவைப்பட்டது.

அன்று பலரை வாயிலிலேயே நிறுத்தியது பிட்லாக்கர் என்னும் பூட்டு. வன்தட்டு அதனால் பூட்டப்பட்டிருப்பின் மீட்புத் திரை 48 இலக்கத் திறவெண் ஒன்றைக் கேட்கும். அஃதின்றித் தட்டில் உள்ளதைப் படிக்க இயலாது. புதிய கணினிகள் பலவற்றில், முதன்முதல் அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் அவ்வெண் சேமிக்கப்பட, பூட்டு அவரறியாமலே விழுகிறது. அமைத்தவர் கணினி விற்ற கடையின் பணியாளராகவும் இருக்கலாம். நம் ஆசிரியராகவே இருந்து, ஜாசினிலிருந்து அலோர் காஜாவுக்கு மாற்றலாகிச் சென்றால், திறவெண்ணும் அவர் கணக்கோடு சென்றுவிடும். அறைச்சாவிகளை ஒப்படைக்கும் பட்டியலில் கணினிதோறும் அந்த 48 இலக்கங்களையும் எழுதிக் கையொப்பம் பெற ஒரு பத்தி சேர்த்தால் போதும்.